கதிரையில் அமர்பவர் யார்?

அமெரிக்க நிழற்படக் கலைஞர் வோக்கர் எவன்ஸ், 1936ஆம் ஆண்டிலே அற்லாண்டா நகரில், கறுப்பின மக்களின் முடிதிருத்துங் கடையொன்றின் உட்புறத்தைப் படம்பிடித்தார். கதிரை உண்டு, துவாய்கள் உண்டு, ஆள் ஒருவரும் இல்லை. வறியதொரு கடையென்று எண்ணிக் காண்போர் கடந்துபோதல் கூடும். எனினும், அக்கதிரையில் அமர்ந்தவர் யாவர் என்று வினவுவோமாயின், ஓர் இனத்தின் வரலாறே நம் முன் விரியும்.

அதே நகரில் அதற்கு முன்னரே புகழ்பெற்று விளங்கியது அலொன்சோ ஹேர்ண்டனின் கடை. 1858இல் அடிமையாகப் பிறந்த அவர், இத்தொழிலாற் பெருஞ்செல்வரானார். 1905இல் காப்புறுதி நிறுவனமொன்றையும் தோற்றுவித்தார். சலவைக்கல்லும் தொங்குவிளக்கும் அவர் கடையை அணிசெய்தன. ஆயின், ஆங்குக் கத்தி பிடித்த கைகள் கறுப்பினத்தாருடையன; கதிரையிற் சாய்ந்த தலைகளோ வெள்ளையருடையன. கடைக்கு உரியவரின் இனத்தார்க்கே அக்கதிரையில் இடமில்லை. வெள்ளையர்க்குப் பணிசெய்தமை அக்கடைக்குக் காவலாகவும் அமையவில்லை. 1906ஆம் ஆண்டின் இனக்கலகத்திலே அதுவும் தாக்கப்பட்டது.

காலம் செல்லச்செல்லக் கறுப்பின நாவிதர் பலர் தம்மவர்க்கெனவே கடை திறக்கலாயினர். இனவொதுக்கற் சட்டங்கள் உணவுச்சாலையையும் நூலகத்தையும் அடைத்து நின்ற அந்நாளிலே, முதலாளியின் கண்படாமல் ஓர் ஆடவன் வாய்விட்டுப் பேசுதற்கு வாய்த்த இடங்கள் மிகச் சில. தேவாலயம் ஒன்று, நாவிதர் கடை மற்றொன்று. அந்நாவிதர்க்கு ஊதியமளித்தோர் வெள்ளையர் அல்லராதலின், வாக்குரிமை முதலியன பற்றி அவர் அஞ்சாது பேசவும் இயன்றது. முடிவெட்ட வந்த சிறுவர், பெரியோர் உரையாடலைக் கேட்டுக் காத்திருந்தனர். அவர்க்கு அதுவும் ஒரு பள்ளியன்றோ?

நம் காலத்திலே அன்ரனியோ ஜோன்சன் என்னுங் கறுப்பினக் கலைஞர், அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இத்தகைய கடைகளைப் படம்பிடித்து, 2021இல் நூலாக வெளியிட்டார். 'அடுத்து நீர்' என்று பொருள்படுவது அந்நூலின் பெயர். முறைக்காகக் காத்திருப்பவனை நாவிதர் அழைக்குஞ் சொல் அது. ஹேர்ண்டனின் கடையிலே கறுப்பின ஆடவன் ஒருவன் கேட்டிருக்க முடியாத சொல்லும் அதுவே.

இக்கடைகளில் விளையும் நம்பிக்கையை மருத்துவரும் அறிந்தனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 52 கடைகளில், இரத்த அழுத்தம் மிகுந்த 319 கறுப்பின ஆடவரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அதன் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஒரு பிரிவினர்க்கு மருந்தாளர் கடைக்கே வந்து மருந்து வழங்கினர். மற்றப் பிரிவினரை, மருத்துவரிடம் செல்லுமாறு நாவிதர் ஊக்கினர். ஆறு திங்களில், முன்னவரின் அழுத்தத்து மேலளவு சராசரி 27 அலகு தாழ்ந்தது. பின்னவர்க்கு ஏறத்தாழ 9 அலகே தாழ்ந்தது.

ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த எனக்கு இதில் ஓர் உண்மை புலனாகின்றது. அறிவு தானிருக்கும் இடத்துக்கு மக்களை அழைத்தல் மட்டும் போதாது. மக்கள் நம்பிக் கூடும் இடத்துக்கு அறிவு தானே செல்லுதல் வேண்டும். தன் கழுத்தைப் பிறர் கைக்கத்திக்கு அஞ்சாது நீட்டுபவன், அவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில் வியப்பென்னை?

இவற்றையெல்லாம் அறிந்தபின் எவன்ஸின் படத்தை மீண்டும் நோக்குவோர்க்கு, அக்கதிரை வெறுங்கதிரையாகத் தோன்றாது. ஒருவர் எழுந்து சென்றார். அடுத்தவர் இன்னும் அமரவில்லை. அவ்வளவே.