மீஞ்சூரும் ரேடார் காட்டும் கோடுகளும்

ரேடார் படத்தில் மீஞ்சூர் பக்கம் பளிச்சென்று ஒரு நேர்கோடு, வடக்கு நோக்கிப் பல கிலோமீட்டர். நிலப்பிளவு ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. காலையில் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால், அது சென்னை–கூடூர் ரயில்பாதை!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மாமா அந்த வாரம்தான் கேட்டிருந்தார்: "மாப்ளே, புதுசா போர் போடணும். உன் சாட்டிலைட் படத்தப் பார்த்து இடம் சொல்லேன்." எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்குமீறி இறைத்ததில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இடம் தவறினால் காசும் போச்சு, கிடைப்பதும் உப்புத்தண்ணீர்.

இந்தப் படம் எப்படி உருவாகிறது? சென்டினல்-1 செயற்கைக்கோள் ஏறக்குறைய 5.5 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலையைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. கரடுமுரடான தரையும், ரேடாரைப் பார்த்து நிற்கும் சரிவும் பளிச்சென்று தெரியும். அலையில்லாத தண்ணீர் கறுப்பு. பாறைப் பிளவை ஒட்டி மேடுபள்ளம் இருந்தால் அது கோடாகத் தெரியும். தண்டவாளம், கால்வாய்க் கரையும் அப்படித்தான்.

திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. சாயங்கால வெயிலில், வடக்கு-தெற்காக ஓடும் வரப்புக்கு நீளமாக நிழல் விழும்; கிழக்கு-மேற்கு வரப்புக்கு நிழல் இருக்காது. சென்டினல்-1 வடக்கே போகும்போது ஏறத்தாழ கிழக்கையும், தெற்கே போகும்போது ஏறத்தாழ மேற்கையும் பார்க்கிறது. அதனால் கிழக்கு-மேற்கான கோடுகள் சுலபமாகத் தப்பிவிடும்.

"சஹாராவில் மணலுக்கு அடியில் ஆற்றையே காட்டியதே?" என்று கேட்கலாம். உண்மைதான். 1981-ல் கொலம்பியா விண்ணோடத்தில் போன ரேடார் அதைச் செய்தது. அதன் அலைநீளம் அதிகம், மணலும் காய்ந்த மணல். நம்ம ஊர் ஈரக் களிமண்ணில் அலை மேலேயே நின்றுவிடும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் விட்டுப்போன பழைய மணல்தடங்கள் அடியில் இருந்தாலும், அவற்றை ரேடாரால் நேராகப் பார்க்க முடியாது. 2025 ஜூலை 30-ல் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசாரின் 24 செ.மீ. அலை இலைதழையைத் தாண்டிப் பார்க்கும். ஈரம் அதற்கும் தடைதான்.

ஆக, ரேடார் கோடு ஒரு கேள்வி மட்டுமே. பதில் தரையில் இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன்: "முதல்ல அக்கம்பக்கத்துக் கிணத்துத் தண்ணிய டிடிஎஸ் மீட்டர்ல பார்ப்போம். அப்புறம் மின்தடை அளவீடு செய்யறவங்களக் கூப்பிடுவோம்."

"இதச் சொல்லவா ராத்திரி முழுக்க முழிச்சிருந்தே?" என்றார்.


ஆமாம், அதற்குத்தான்.