இரவு வேலையும் இருதயமும்

இடம்பெயர்ந்து நிலத்தை விட்டு வந்தவர்கள் பலர் சம்பள வேலைக்குப் போகின்றனர். காவலாளி, ஆடைத் தொழிற்சாலை, பேக்கரி, வைத்தியசாலைச் சிற்றூழியம் எனக் கிடைப்பவற்றுள் பல ஷிப்ட் வேலைகள். ஒரு கிழமை பகல், மறு கிழமை இரவு. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைக்கும்போது இருதயத்துக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

இரவு விழிப்பது எமக்குப் புதிதன்று. பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்தோம். நடுச்சாமத்தில் மண்வெட்டியுடன் தண்ணீர் கட்டப் போனோம். ஆனால் அது ஒரு போகத்துடன் முடிந்துவிடும். உடலும் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும். ஷிப்ட் வேலை அப்படி முடிவதில்லை.

எமது உடலுக்குள் ஒரு மணிக்கூடு உண்டு. மூளையின் ஒரு சிறு பகுதி, கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு இரவு பகலை அறிந்து உடலை நடத்துகிறது. இம்மணிக்கூடு உயிர்க்கலங்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவுத் தூக்கத்தில் இரத்த அழுத்தம் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இறங்கும். இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அதுவே ஓய்வு. இரவில் வேலை செய்பவருக்கு இந்த இறக்கம் குறைகிறது. பகலில் படுத்தாலும், தகரக் கூரையின் வெக்கையிலும் பிள்ளைகளின் சத்தத்திலும் எவ்வளவு நேரம் தூங்கலாம்? நடுச்சாமத்தில் உண்ணும் சோற்றின் சீனியையும் உடல் பகலைப்போல் கையாளுவதில்லை. நித்திரையை விரட்டப் பிடிக்கும் பீடி வேறு. இவையெல்லாம் சேர்ந்து, வருடக்கணக்கில் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிய வழி செய்கின்றன.

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,89,000 பெண் தாதியரை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. மாறிமாறி வரும் இரவு வேலையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செய்தோருக்கு, அவ்வேலை செய்யாதோரிலும் பார்க்க இருதய நோய் நூற்றுக்கு 15 முதல் 18 வரை கூடுதலாக ஏற்பட்டது. பெரிய கூடுதல் அல்லதான். ஆயினும் புகைத்தலும் சலரோகமும் உள்ளவருக்கு அது மேல்சுமை. இரவு வேலையை விட்டவர்களுக்கு, காலம் செல்லச் செல்ல ஆபத்துக் குறைந்ததையும் அதே ஆய்வு கண்டது.

வேலையை உடனே விடும்படி நாம் சொல்லவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே. பிரதான சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் உண்ணுங்கள். 2021இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டும் உண்டவர்களுக்கு இரத்தச் சீனி கூடவில்லை. சலரோகத்துக்கு மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவேண்டாம். யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுங்கள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாறுவது உடலுக்கு இலகு. இதனைத் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து கேட்கலாம்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். இரவு வேலை முடிந்து வந்தவளே உலை வைத்து, தண்ணீரும் அள்ளுகிறாள். அவளுடைய தூக்கத்துக்கு வீட்டார்தான் வழி விடவேண்டும்.

அரச வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம். அங்கு போகும்போது இரவு வேலை செய்வதைச் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் நேரத்தை வைத்தியர் அதற்கேற்ப அமைக்கலாம். நெஞ்சை அழுத்தும் நோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் ஷிப்ட் முடியும்வரை பொறுக்கவேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.