நெல்லிக்காய்: உணவாக உண்போம், மருந்துக்கு மாற்றாக அல்ல

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் சர்க்கரை நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: “தினமும் நெல்லிக்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?” நிறுத்தக் கூடாது என்பதே எங்கள் விடை. எனினும் நெல்லிக்காயை ஒதுக்க வேண்டியதில்லை. அதனை எவ்வாறு, எவ்வளவு உண்பது என்று அறிந்துகொள்வோம்.

நெல்லிக்கும் நீண்ட ஆயுளுக்கும் உள்ள தொடர்பு தமிழர் மனத்தில் ஆழப் பதிந்தது. அண்டையிலுள்ள தகடூரை ஆண்ட அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை அறியாதார் இல்லை. அந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மையும் இருக்கிறது.

என்ன சத்து?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலின்படி, 100 கிராம் நெல்லிக்காயில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப் போல் இது பல மடங்கு. வளர்ந்தோரின் அன்றாடத் தேவை 65 முதல் 80 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே ஒரு பெரிய நெல்லிக்காய் ஒரு நாளைக்குப் போதுமானது. சிறிய அரைநெல்லி வேறொரு மரத்தின் காய். அதில் இச்சத்து மிகக் குறைவு.

யாருக்கு அதிகப் பயன்?

இரத்தசோகை உள்ளோருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இக்குறை உள்ளது. கீரை, கேழ்வரகு, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர்ந்தால் கூடுதலாக ஏற்கிறது. எனவே முருங்கைக்கீரைப் பொரியலுடன் நெல்லிக்காய்ப் பச்சடி பொருத்தமான இணை. உணவு உண்டதும் தேநீர் அருந்தினால் அப்பயன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எப்படிச் சமைப்பது?

வேகவைத்தால் வைட்டமின் சி குறையும். ஆகவே சமைக்காத பச்சடியே சிறந்தது. கொட்டை நீக்கிய இரண்டு நெல்லிக்காய், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், கொத்தமல்லித் தழை, ஒரு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றை அரைத்துத் தயிரில் கலந்து, கடுகு தாளித்துச் சேர்க்கவும். இது இருவருக்குப் போதும். கையளவு உப்பிட்ட ஊறுகாய் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு ஏற்றதன்று. தேன்நெல்லியில் சேரும் இனிப்பு, சர்க்கரை நோயாளியின் கணக்கில் வரவேண்டியதே.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மிகுதியான வைட்டமின் சி உடலில் ஆக்ஸலேட்டாக மாறும். எனவே சிறுநீரகக் கல் உள்ளோரும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோரும் நாள்தோறும் நெல்லிச்சாறு அருந்தலாகாது. டயாலிசிஸ் செய்துகொள்வோர் எவ்வகைச் சாற்றையும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே அருந்த வேண்டும். வயிற்றுப்புண் உள்ளோர் வெறும் வயிற்றில் உண்ணாதீர்கள்.

வீட்டிலுள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு மட்டும் அருந்துவோரின் சர்க்கரை அளவு சில நாட்களிலேயே ஏறிவிடக்கூடும். வலியின்றி ஏறுவதால் எவருக்கும் தெரிவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் அவ்வாறு செய்திருந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல், அவரை உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள்.