பழைய துப்பாக்கிக்குக் கிராக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நாட்டுப்புறங்களில் மான் வேட்டையைத் தவிர வேறு பேச்சில்லை. மிச்சிகன் ராஜ்யத்தில் துப்பாக்கி கொண்டு வேட்டையாடும் பருவம் நவம்பர் 15-ந் தேதி ஆரம்பமாகிறது. பென்ஸில்வேனியாவில் நெடுங்காலமாக வேட்டையின் முதல் நாளாகிய திங்கட்கிழமையன்று பல பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வந்தன. 2019-ம் வருஷத்தில்தான் அந்த ஆரம்ப நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதற்கு முந்திய வாரங்களில் சிற்றூர்த் துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் எங்கே கூடுகிறது என்று பார்த்தால், புதுச் சரக்கு பளபளக்கும் கண்ணாடிப் பெட்டியருகில் அல்ல. ஓரத்துச் சுவரில் பழைய ரைபிள்களைச் சார்த்தி வைத்திருக்கும் இடத்தில்தான். ஆலைத் தொழிலாளியும், லாரி ஓட்டுகிறவரும், பால்பண்ணைக்காரரும் அங்கே நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்கள். 300, 400 டாலர் விலைச் சீட்டுக் கட்டிய அந்தச் சரக்கில் அவர்கள் காணும் கவர்ச்சி யாது?

பணமில்லாதவன் பழையதைத்தானே நாடுவான் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இங்கிலாந்தில் 1671-ம் வருஷத்து வேட்டைச் சட்டப்படி, வருஷத்துக்கு நூறு பவுன் வருமானமுள்ள சொந்த நிலம் படைத்தவனுக்குத்தான் பெரும்பாலும் வேட்டையாட உரிமை இருந்தது. தன் பயிரைத் தின்னும் முயலைத் தொடுவதற்குக் கூடச் சிறு குடியானவனுக்குப் பாத்தியதை இல்லை. 1831 வரையில் இந்த ஏற்பாடு நடந்தது. கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். காட்டு மிருகம் நிலப்பிரபுவின் சொத்தல்ல, பொதுஜனங்களுடையது, ராஜ்யம் அதற்குத் தர்மகர்த்தா மாத்திரமே என்ற கொள்கை அங்கே வேரூன்றிவிட்டது. சீட்டுப் பணம் கட்டினால் கோடீசுவரனும் கூலிக்காரனும் ஒரே காட்டில் ஒரே நாளில் இறங்கலாம். ஆனால் வெறுங்கையோடு காட்டில் இறங்கி என்ன பயன்? உரிமை காகிதத்தில் இருக்கிறது. கருவிக்கு ஆயிரம் டாலர் வேண்டும் என்றால் அந்த உரிமை மறுபடியும் பணக்காரனிடமே போய்ச் சேருகிறது. ஏழையின் உரிமை காகிதத்தை விட்டுக் காட்டுக்குள் வருவது அந்த 300 டாலர்ப் பழைய ரைபிளினால்தான்.

பழையது என்றால் தேய்ந்தது என்று நாம் நினைப்பது இயல்பு. பழைய மோட்டார் வண்டியும் பழைய செருப்பும் அப்படித்தான். ரைபிளின் சங்கதி வேறு. அதன் குழலின் உட்புறத்தில் திருகுபோல் ஓடும் வரிகள் ரவையைச் சுழற்றி நேரே செலுத்துகின்றன. அந்த வரிகள் கெடாதவரையில் துப்பாக்கிக்கு வயதே கிடையாது. மான் வேட்டைக்காரன் ஒருவன் வருஷத்தில் சுடுவது பெரும்பாலும் ஒரு பெட்டித் தோட்டா, அதாவது இருபது. குழல் தேய ஆயிரக்கணக்கில் சுடவேண்டும். ஆகவே ஐம்பது வருஷத்து ரைபிளின் வெளிப்புறத்தில் நீலச்சாயம் போயிருக்கும், கட்டையில் கீறல் விழுந்திருக்கும், உள்ளே மாத்திரம் இளமை மாறாதிருக்கும். விலை குறைவது வெளிக் கீறலுக்காக. வேலை செய்வது உள் வரி. இந்த இரண்டுக்கும் உள்ள தூரந்தான் வாங்குகிறவனுடைய லாபம்.

இவ்வகையில் முதல் மரியாதை பெறுவது வின்செஸ்டர் கம்பெனியின் 1894-ம் வருஷத்து மாதிரி. ஜான் பிரௌனிங் என்ற மேதாவி அமைத்தது. மறு வருஷமே புகையில்லா மருந்துள்ள .30-30 தோட்டா அதற்கென்று வெளிவந்தது. கைப்பிடியின் கீழுள்ள வளையத்தை முன்னும் பின்னும் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். கிழக்கு ராஜ்யங்களின் அடர்ந்த காடுகளில் மான் நூறு கஜத்துக்கு உட்பட்டே கண்ணில் படுவதால், இந்தப் பழந்தோட்டாவின் பலம் அங்கே இன்றும் தாராளமாகப் போதும். எழுபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட துப்பாக்கி இது. அகப்படாத ஊர் இல்லை. இப்போது ஜப்பானில் செய்து அதே பெயரில் விற்கும் புது ரைபிள் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

1964-ம் வருஷத்தில் வின்செஸ்டர் முதலாளிகள் செலவைக் குறைக்க எண்ணி, கடைந்தெடுத்த எஃகு உறுப்புக்கள் சிலவற்றுக்குப் பதிலாகத் தகட்டை அழுத்திச் செய்த மலிவான உறுப்புக்களைப் புகுத்தினார்கள். ஜனங்கள் உடனே கண்டுகொண்டார்கள். அன்று முதல் ‘1964-க்கு முன்’ என்பது துப்பாக்கிச் சந்தையில் ஒரு மந்திரமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கே தனி விலை. நம் அபிப்பிராயத்தில், காட்டுக்குப் போகிறவனுக்கு இந்த மந்திரம் அவ்வளவு அவசியமில்லை. 1964-க்குப் பிந்தியதும் சுட்ட இடத்தில் படும். சேகரித்து அலமாரியில் வைப்பவர்கள் அதை ஒதுக்குவதால் மலிவாகவும் கிடைக்கும்.

பெயரில் ஏமாறாதவனுக்கு இன்னொரு வழியும் உண்டு. மார்லின் கம்பெனியின் 336 என்ற மாதிரி 1948-ல் வந்தது; வின்செஸ்டருக்கு நேர்ப் போட்டி. அதே ரைபிளை வாதுமைக் கட்டைக்குப் பதில் மலிவான பிர்ச் மரம் போட்டு, ‘கிளென்பீல்டு’ என்ற பெயர் பொறித்து மலிவுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். ஸியர்ஸ் கடை தன் பெயரில் விற்ற ஒரு ரைபிள் உண்மையில் வின்செஸ்டர் 94-தான். மான்ட்கோமரி வார்டு கடையின் ‘வெஸ்டர்ன் பீல்டு’ சரக்கை மாஸ்பெர்க் முதலிய கம்பெனிகள் செய்து கொடுத்தன. தாய் ஒன்று, பெயர் இரண்டு! இன்றும் முத்திரையைப் பார்ப்பவன் அதிகம் கொடுக்கிறான். உறுப்பைப் பார்ப்பவன் குறைவாகக் கொடுத்து அதையே கொண்டு போகிறான்.

யுத்தங்கள் விட்டுச் சென்ற மிச்சம் இனி ஒரு பெரிய அத்தியாயம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் ஜெர்மானிய மாஸர், பிரிட்டிஷ் லீ-என்பீல்டு, அமெரிக்க ஸ்பிரிங்பீல்டு ஆகிய சிப்பாய்த் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் மலிந்தன. தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வரும். வாங்கியவர்கள் முன்கட்டையை அறுத்து, குழலைக் குறுக்கி, தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்தி வேட்டைக்கு ஏற்றதாக்கிக்கொண்டார்கள். இந்த மலிவின் இருண்ட பக்கத்தையும் உலகம் கண்டது. 1963-ம் வருஷத்தில் சிக்காகோ கடை ஒன்றிலிருந்து, கண்ணாடியோடு 19 டாலர் 95 சென்ட் விலைக்கு, ஓர் இத்தாலிய யுத்தத் துப்பாக்கி தபாலில் டல்லாஸ் நகரத்துக்குப் போயிற்று. அதே வருஷம் நவம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி கென்னடி அதற்கு இரையானார். 1968-ம் வருஷத்துச் சட்டம் ராஜ்யத்துக்கு ராஜ்யம் தபாலில் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. வெளிநாட்டு யுத்த மிச்சம் இறக்குமதியாவதற்கும் பல வருஷ காலம் தடை இருந்தது.

அறுத்துச் சிறிதாக்கிய அந்த ரைபிள்களின் கதி விசித்திரமானது. இப்போது சேகரிப்போர் தேடுவது கை வைக்காத சிப்பாய்த் துப்பாக்கியை. கட்டை அறுபட்டது, துளை போட்டது என்றால் அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. பாட்டனார் அறுத்த அறுப்பினால் சரித்திர மதிப்புப் போயிற்று. பேரனுக்கோ நல்ல மாஸர் எஃகு அற்ப விலைக்குக் கிடைக்கிறது. நம் நாட்டுச் சரக்கும் இந்தச் சந்தையில் உண்டு என்பது நேயர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். வங்காளத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 1960-களில் பழைய லீ-என்பீல்டு மாதிரியை 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு ஏற்பப் பலமான எஃகில் செய்தது. நமது படை அவற்றை விட்டபின் பல ஆயிரம் மைல் தாண்டி அமெரிக்காவில் மலிவாக விற்றார்கள். இன்று இஷாப்பூர் முத்திரையோடு ஏதோ ஓர் அமெரிக்கக் குடியானவனுடைய வீட்டில் அது மான் வேட்டைக்குக் காத்திருக்கிறது.

மலிவு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவது புத்தியாகாது. அமெரிக்க ஸ்பிரிங்பீல்டு 1903-ம் வருஷத்து மாதிரியில், ஸ்பிரிங்பீல்டு சாலையில் செய்து எட்டு லட்சத்துக்குக் குறைந்த எண் பொறித்தவற்றைச் சுடவேண்டாம் என்று அறிந்தோர் எச்சரிக்கிறார்கள். காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். எஃகைக் காய்ச்சும்போது அதன் சூட்டை வேலைக்காரர்கள் கண்ணால் நிறம் பார்த்தே நிதானித்தார்கள். மேகம் மூடிய நாளில் ஒரு நிறம், வெயில் நாளில் ஒரு நிறம்! விளைவு, சில துப்பாக்கிகளின் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைந்தது. முகத்தருகே வெடித்துச் சிதறியவை உண்டு. 1918-ல்தான் காய்ச்சும் முறையை மாற்றினார்கள். புதிய காலத்துச் சரக்கும் குற்றமற்றதல்ல. 2006 மே மாதம் முதல் 2014 ஏப்ரல் வரையில் செய்த ரெமிங்டன் 700 ரைபிள்களில் ஒரு வகை விசை, இழுக்காமலே சுடக்கூடும் என்று கம்பெனியே அவற்றைத் திரும்ப அழைத்தது. அழைப்பைக் கேளாமல் கை மாறிய ரைபிளை வாங்குகிறவனுக்கு யார் சொல்லுவார்கள்?

ஆகையால் விஷயம் தெரிந்தவன் முதலில் எண்ணைப் பார்க்கிறான். பிறகு குழலுக்குள் விளக்கு விட்டுப் பார்க்கிறான். பழைய யுத்தத் தோட்டாக்களின் மருந்து விட்டுச்சென்ற உப்பினால் உள்ளே துரு அரித்திருக்கும். குழலின் வாய் விளிம்பு நசுங்கியிருந்தால் குறி தப்பும். தோட்டா உட்காரும் இடம் தளர்ந்திருக்கிறதா என்று கம்மியரிடம் கொடுத்து அளவுக் கட்டையால் சோதிக்கிறான். கடைசியில், இவ்வளவு மலிவாயிருப்பது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். பல சமயங்களில் விடை தோட்டாவில் இருக்கும். .303 ஸாவேஜ் போன்ற தோட்டாக்களைக் கடை கடையாகத் தேடவேண்டும். 2020, 2021 வருஷங்களில் சாதாரணத் தோட்டாவுக்கே பஞ்சம் வந்தபோது, அபூர்வத் தோட்டா கேட்கும் ரைபிள்காரர்கள் பட்ட பாடு சொல்லத் தரமன்று.

நியாயமாகப் பேசினால் எதிர்க்கட்சிக்கும் வாதம் உண்டு. கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களாக ரூகர், ஸாவேஜ் கம்பெனிகள் பிளாஸ்டிக் கட்டை போட்ட புது ரைபிள்களை 400, 500 டாலருக்கே விற்கின்றன. அழகு இல்லை, குறி மாத்திரம் பல பழைய துப்பாக்கிகளைவிடத் துல்லியம். விசைக் குற்றம், துரு என்ற பயமும் இல்லை. 1937-ம் வருஷத்துப் பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டப்படி புது ரைபிள் மீதும் தோட்டா மீதும் வசூலிக்கும் நூற்றுக்கு 11 வீத வரி காட்டு மிருகங்களின் பாதுகாப்புக்கே செல்கிறது. கை மாறும் பழைய ரைபிளுக்கு இந்த வரி கிடையாது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சமாகக் குறைந்துபோயிருந்த வெண்வால் மான் இன்று சுமார் மூன்று கோடி என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மீட்சியில் இந்த வரிப் பணத்துக்குப் பங்குண்டு. பழையதை வாங்குகிறவன் தோட்டாவுக்கு மாத்திரம் வரி கொடுக்கிறான் என்று புதுச் சரக்குக்காரர்கள் சொன்னால் அதை மறுக்க முடியாது. ஆனால் அவன் வாங்கும் வேட்டைச் சீட்டின் பணமும் அந்தக் காரியத்துக்கே போகிறதென்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

இதைவிடக் கடினமான கேள்வி வேறு. 2021-ம் வருஷத்தில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கொலைகளில் பெரும்பங்கு கைத்துப்பாக்கிக்கே என்பது மெய். ஆனால் மனமுடைந்தவன் எட்டிய கையில் கிடைப்பது வேட்டை ரைபிளாகவும் இருக்கலாமன்றோ? கடையில் வாங்கினால் பத்திரம் எழுதி, 1998 முதல் நடைபெறும் விசாரணைக்கு உட்படவேண்டும். ஒரே ராஜ்யத்தில் வசிக்கும் இருவர் தமக்குள் விற்றுக்கொண்டால் மத்திய சட்டம் அந்த விசாரணையைக் கேட்பதில்லை. சில ராஜ்யங்கள்தாம் கேட்கின்றன. பழைய ரைபிள் இந்த இரண்டாவது வழியிலும் கை மாறுகிறது. மலிவைப் புகழ்பவர்கள் இந்த ஓட்டையைப் பற்றி வாய் திறவாமலிருப்பது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை. வேட்டைக்காரனின் உரிமையைக் காக்க விரும்புகிறவன்தான் முதலில் இந்த விசாரணையைக் கேட்கவேண்டும். பூட்டு இல்லாத பெட்டியில் ரைபிள் வைப்பதை அவனே முதலில் கண்டிக்கவேண்டும்.

நம்மவருக்கு இந்தச் சந்தை அந்நியமாகத் தோன்றுவதற்குச் சரித்திர காரணம் உண்டு. லிட்டன் பிரபு காலத்தில், 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்று பேதம் செய்தது. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றது. சுதந்திர இந்தியா 1959-ல் புதுச் சட்டம் இயற்றியது. அதிலும் லைசென்ஸ் நிலைத்து நின்றது. 1972-ம் வருஷத்து வன ஜீவராசிச் சட்டத்துக்குப் பின் விளையாட்டுக்காக வேட்டையாடுவது இங்கே அநேகமாகக் குற்றம். லைசென்ஸ் பெற்ற குடிகளுக்காக இஷாப்பூர்ச் சாலை செய்த .315 ரைபிளும், ராணுவத் தோட்டா குடிகள் கையில் போகலாகாது என்ற பழைய பயத்தின் வழிவந்த அளவே.

அமெரிக்கப் பழைய ரைபிள்களின் தாயகங்களோ ஒவ்வொன்றாக மூடி வருகின்றன. நியூஹேவன் நகரத்து வின்செஸ்டர் ஆலை 2006-ல் நின்றது. 2020-ல் ரெமிங்டன் கம்பெனி திவாலானபோது, அதனிடமிருந்த மார்லின் பெயர் ரூகரிடம் போயிற்று. நியூயார்க் ராஜ்யத்தில் இலியன் என்ற சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ரெமிங்டன் ஆலையும் 2024 மார்ச்சில் கதவடைத்தது. பாட்டன், தந்தை, மகன் என்று வேலை பார்த்த குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள் கடைந்த ரைபிள்கள் மாத்திரம் இன்னும் காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓர் உறுப்பு உடைந்தால், உடைந்துபோன வேறொரு பழைய ரைபிளிலிருந்து கழற்றி விற்கும் வியாபாரிகளிடந்தான் தேடிப்போகவேண்டும். அந்த வியாபாரம் இப்போது நன்றாக நடக்கிறது.