கிளிப் கழற்றிய பிறகு

பல்லுக்குக் கிளிப் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கழற்றிய நாளைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். ஒன்றரை, இரண்டு வருடமாக வாயில் இருந்த கம்பி போய், நாக்கு வழுவழுப்பான பல்லைத் தொடும் நாள் அது. அன்றோ அடுத்த சில நாட்களிலோ மருத்துவர் சின்னப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுப்பார். உள்ளே ஒரு பிளேட். அதன் பெயர் ரிடெய்னர். “இதை விடாமல் போடணும்” என்று அவர் சொல்வதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் எல்லோர் மனதிலும் சிகிச்சை முடிந்துவிட்டது. பிளேட் பள்ளிக்கூடப் பையிலும் மேசை இழுப்பறையிலுமாக அலைந்து ஒருநாள் காணாமல் போகிறது. அதற்குள் பற்கள் பழைய இடத்தை நோக்கிக் கிளம்பியிருக்கும்.

இதைப் பிள்ளைகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்வது சரியில்லை. கிளிப் எப்படிப் பல்லை நகர்த்துகிறது என்று ஆர்வமாக விளக்குகிறவர்கள்கூட, நகர்ந்த பல் ஏன் திரும்பி வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாத கட்டளையைப் பதினான்கு வயதுப் பிள்ளை எத்தனை இரவு மதிக்கும்?

பல் தாடை எலும்பில் நேராக ஒட்டி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக் குழிக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடத்தைக் கொலாஜன் நார்கள் நிரப்பியிருக்கின்றன. ஒவ்வொரு நாரின் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்திருக்கும். தூளியில் கிடக்கும் குழந்தையைப் போலப் பல் இந்த நார்களில்தான் தொங்குகிறது. நார்களுக்கிடையே ரத்தக் குழாய்கள், நரம்புகள், திரவம் எல்லாம் உண்டு. முறுக்கைக் கடிக்கும்போது வரும் விசை பெரியதுதான். ஆனால் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் அந்தத் திரவமே அதைத் தாங்கிக்கொள்கிறது, பல் இடம் மாறுவதில்லை. மெல்லிய விசை மணிக்கணக்கில் விடாமல் அழுத்தும்போது நடப்பது வேறு. அழுந்தும் பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபடும் பக்கம் எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904, 1905-ஆம் ஆண்டுகளிலேயே நாய்ப் பற்களைக் கொண்டு இதை நுண்ணோக்கியில் காட்டிவிட்டார். கிளிப் போட்ட பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்வது இந்தக் கரைப்பாலும் கட்டலாலும்தான்.

கிளிப்பைக் கழற்றுகிற அன்று பல் புது இடத்தில் நிற்கிறது. சுற்றியுள்ள எலும்போ இன்னும் இளசு. நாரிடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருப்பதால், விரலால் அசைத்தால் பல் லேசாக ஆடும். வேரைச் சுற்றிய நார்கள் தங்களைப் புது இடத்துக்கு ஏற்ப அடுக்கிக்கொள்ள மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் ஓடும் கொலாஜன் நார்களுக்கு நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். எலும்பின் விளிம்புக்கு மேலே, ஈறின் கழுத்துப் பகுதியில், பல்லைச் சுற்றியும் பல்லுக்குப் பல்லும் ஓடும் மீள்தன்மை கொண்ட நார்கள்தான் இருப்பதிலேயே பிடிவாதமானவை. நார்வேயின் கோரே ரெய்டான் நாய்களின் பற்களைத் திருப்பி, அதே நிலையில் பிடித்துவைத்து, திசுவை வெட்டிப் பார்த்தார். 1959-இல் அவர் எழுதியபடி, 232 நாள் கழிந்த பிறகும் இந்த மேல்நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்தன. கோணலாகத் திரும்பியிருந்த பல்லை நேராக்கினால் அது மீண்டும் திரும்பப் பார்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. அமெரிக்கரான ஜான் எட்வர்ட்ஸ் ஈறில் மைப்புள்ளிகளைப் பச்சை குத்தி, பல் திரும்பும்போது ஈறும் கூடவே இழுபடுவதைக் காட்டினார். நேராக்கிய பல்லைச் சுற்றி அந்த நார்களை மட்டும் கத்தியால் அறுத்துவிடும் சிறு அறுவைச் சிகிச்சையை 1970-இல் அவர் முன்வைத்தார். மோசமாகத் திரும்பியிருந்த பற்களுக்கு இன்றும் சில மருத்துவர்கள் அதைச் செய்கிறார்கள்.

ஓராண்டு போட்டால் நார்கள் அடங்கிவிடுமே, அதோடு விட்டுவிடலாமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. அந்த நம்பிக்கையை உடைத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரீடெலும் ராபர்ட் லிட்டிலும் பழைய நோயாளிகளைப் பல ஆண்டு கழித்துத் திரும்ப அழைத்து, பல்லின் அச்சுகளை எடுத்து, சிகிச்சை முடிந்த நாளின் அச்சுகளோடு ஒப்பிட்டார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, தெரியவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் அளப்பதற்கு லிட்டில் 1975-இல் ஓர் எளிய வழி வகுத்திருந்தார். கீழ் வரிசையின் ஆறு முன்பற்களுக்கு நடுவே ஐந்து தொடுமிடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த பற்கள் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன என்று அளந்து கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 3.5-க்குள் இருந்தால் பரவாயில்லை என்று கொள்ளலாம்.

1981-இல் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ரிடெய்னரை விட்டுக் குறைந்தது பத்து ஆண்டு ஆனவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி நெருக்கியடித்து நின்றன. இருபது ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 1988-இல் வெளியிட்டபோது, ஏற்கத்தக்க வரிசை பத்தில் ஒருவருக்குத்தான் மிஞ்சியிருந்தது. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பதைச் சிகிச்சைக்கு முந்தைய எந்த அளவைக் கொண்டும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இந்தத் துறையில் இதைவிட நேர்மையான ஆய்வு வேறில்லை என்பேன். தாங்கள் செய்த வேலை எவ்வளவு நிலைக்கவில்லை என்பதைத் தாங்களே தேடிப்போய் அளந்து அச்சிட்டார்கள்.

ஏன் இப்படி? வாய் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் இடம். உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து உதடும் கன்னமும் பல்லை நாள் முழுவதும் மெல்ல அழுத்துகின்றன. பருவ வயது தாண்டிய பிறகும் கீழ்த்தாடை சிறிது சிறிதாக மாறுகிறது, பற்கள் முன்நோக்கி நகர்கின்றன, கீழ் வரிசையின் நீளம் குறைகிறது. கிளிப்பே போடாதவருக்கும் நாற்பது வயதில் கீழ் முன்பல் சற்று ஏறி இறங்குவது இதனால்தான். “ஞானப்பல் முளைத்துத் தள்ளிவிட்டது” என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் ஆய்வுகள் இதற்கு ஆதரவாக நிற்கவில்லை. ஞானப்பல் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் இந்த நெருக்கடி வருகிறது. முன்பல் கோணாமல் இருக்கட்டும் என்று ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொள்வது வீண் வேலை.

இத்தனையையும் தடுத்து நிற்கும் கருவி எவ்வளவு எளியது என்பதைப் பாருங்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சார்லஸ் ஹாலி 1919-இல் விவரித்த பிளேட்டின் அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. மேல் அண்ணத்தோடு ஒட்டிப் படியும் ரோஸ் நிற அக்ரிலிக் தகடு, முன்பற்களின் வெளிப்புறம் ஒரு கோரைப்பல் முதல் மறு கோரைப்பல் வரை வளைந்து செல்லும் ஒற்றைக் கம்பி, கடைவாய்ப்பல்லைப் பிடிக்க இரண்டு கொக்கிகள். கையில் எடுத்துப் பார்த்தால் தகட்டின் உட்புறத்தில் அண்ணத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பதிந்திருப்பது தெரியும். ஒருவருடைய பிளேட் இன்னொருவருக்கு ஒருபோதும் பொருந்தாது. கம்பி 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர். கோரைப்பல் அருகே அது ஆங்கில ‘யு’ எழுத்தைப்போல வளைந்து ஒரு கண்ணியாகும். குறட்டால் அந்தக் கண்ணியைச் சற்று நெருக்கினால் கம்பி இறுகும், விரித்தால் தளரும். கொக்கிகள் சி. பிலிப் ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர் 1950 வாக்கில் அமைத்தவை. அம்பு முனை போன்ற இரண்டு வளைவுகள் கடைவாய்ப்பல்லின் ஈறோரப் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் செய்யும் லேப் தொழிலாளியை யாரும் பார்ப்பதில்லை. அச்சில் வார்த்த மாப்பல், அதாவது பல்வரிசையின் மாதிரி, அவர் முன்னால் இருக்கும். நேரான கம்பியைக் குறட்டில் பிடித்து, கட்டை விரலால் தள்ளித் தள்ளி, பல்லின் வளைவோடு ஒட்டும் வரை வளைப்பார். ஓரிடத்தில் அதிகம் வளைத்து நிமிர்த்தினால் கம்பி களைத்து, பின்னால் வாயில் முறியும். ஆகவே நல்ல கைக்கு ஒரே வளைப்பு. பிறகு கம்பியை மெழுகால் நிறுத்தி, அக்ரிலிக் பொடியைத் தூவி அதன்மேல் திரவத்தைச் சொட்டுவார். மறுபடி பொடி, மறுபடி சொட்டு. இறுகியதும் ராவி, தேய்த்து, பாலிஷ் செய்வார். நோயாளியின் நாக்கு ஒரு முடி அளவு பிசிறையும் கண்டுபிடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கண்ணாடிபோல இருக்கும் இன்னொரு வகையை இப்போது அதிகம் பார்க்கிறோம். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, மாப்பல்லின் மேல் வைத்து, காற்றை உறிஞ்சினால் தாள் பல்லின் வடிவத்தில் படிந்துவிடும். 1993-இல் லூயிசியானாவின் ஜான் ஷெரிடன் இதைப் பரவலாக்கினார். செலவு குறைவு, சட்டென்று வெளியே தெரியாது. ஆனால் சீக்கிரம் தேயும், விரிசல் விடும். கடிக்கும் முகத்தையும் மூடிவிடுவதால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தாமாக ஒன்றோடொன்று பொருந்தி அமர்வதற்கு ஹாலி பிளேட் தரும் இடம் இதில் இல்லை.

மூன்றாவது வகை வாயை விட்டு வெளியே வருவதே இல்லை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில், கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை, பல இழை முறுக்கிய மெல்லிய கம்பியைப் பிசின் கொண்டு ஒட்டிவிடுவார்கள். மறந்து வைத்துவிட்டு வர முடியாது என்பது இதன் பெரிய பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் நோயாளிக்குத் தெரிவதில்லை, மற்றப் பற்கள் நிற்க அந்த ஒன்று நழுவிவிடும். அபூர்வமாகக் கம்பியே முறுக்கு நெகிழ்ந்து பல்லைத் திருப்புவதும் உண்டு. கம்பியைச் சுற்றிப் பற்காரை படியும். பல்லிடுக்குப் பிரஷை அங்கே தினமும் செலுத்துகிறவருக்கே இந்தக் கம்பி ஏற்றது. எந்த வகை சிறந்தது என்று ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசியவர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. என் பார்வையில் கேள்வியே வேறு. இந்தப் பிள்ளை எதை உண்மையிலேயே போட்டுக்கொள்வான் என்பதை அவனிடமே கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு காலம்? மருத்துவருக்கு மருத்துவர் கொஞ்சம் மாறும். பொதுவாக முதல் சில மாதம், சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுவதும். பிறகு இரவுகளில். அதன் பின் எவ்வளவு காலம் பல் நேராக இருக்க வேண்டுமோ அவ்வளவு காலம் வாரத்தில் சில இரவுகளாவது. சியாட்டில் முடிவுகளைப் படித்த பிறகு இதை மிகை என்று யாராலும் சொல்ல முடியாது.

பராமரிப்பு சுலபம். குளிர்ந்த நீரும் மெல்லிய பிரஷும் போதும். வெந்நீர் கூடவே கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். காரில் வெயிலில் விட்டாலும் அதே கதிதான். பிளேட்டைப் போட்டுக்கொண்டு காபி, டீ குடிக்கக் கூடாது. சாம்பார் மஞ்சளும் ஒட்டிக்கொள்ளும். ஹோட்டலில் கழற்றினால் பெட்டிக்குள்தான் போக வேண்டும். காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்தால் மேசை துடைப்பவர் குப்பையோடு எடுத்துப் போய்விடுவார். தொலைந்துபோகும் பிளேட்டுகளில் பெரும்பகுதி இப்படிப் போனவைதான். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்காகவே கடித்துப் போட்டுவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கிளிப்புக்குப் பணம் பேசும்போதே ரிடெய்னருக்கும், தொலைந்தால் மறுபடி செய்வதற்கும், ஓரிரு வருடம் பரிசோதனைக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டைத் தொலைத்த பிள்ளை திட்டுக்குப் பயந்து மாதக்கணக்கில் மறைத்தால், தொலைவது பிளேட் மட்டுமாக இருக்காது.

இழுப்பறையில் பழைய பிளேட் கிடக்கிறதா? கழுவிவிட்டு இன்றிரவே போட்டுப் பாருங்கள். சற்று இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால், பல் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது, தினமும் இரவில் போடத் தொடங்குங்கள். உட்காராமல் தூக்கி நின்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.