ஒரு வயர் அறுந்தால் எத்தனை கம்ப்யூட்டர் நிற்கும்?

நெட்வொர்க் வேலைக்குப் படிப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம்

"டோபாலஜி" என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் புத்தகத்தை மூடி விடுகிறார்கள். பெயர்தான் பெரியது. விஷயம் சின்னது. கம்ப்யூட்டர்களை எந்த வடிவத்தில் இணைத்திருக்கிறார்கள் என்பதே டோபாலஜி. 'இணைப்பு வடிவம்' என்று தமிழில் சொல்லலாம்.

மும்பையிலும் தானேயிலும் பகலில் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஓடும் தமிழ் இளைஞர்கள் உண்டு. சி.சி.என்.ஏ. போன்ற நெட்வொர்க் தேர்வுகளைத் தமிழில் எழுத வழி இல்லை. கட்டணமும் டாலர் கணக்கில். தவறினால் மறுபடியும் பணம் கட்டித்தான் எழுத வேண்டும். ஆகவே, மனப்பாடம் செய்வதை விடப் புரிந்துகொள்வதே லாபம்.

ஒரே கேபிள்: பஸ்

லோக்கல் ரெயில் பாதையில், மேலே செல்லும் மின்கம்பி ஓரிடத்தில் அறுந்தால் என்ன ஆகிறது? அந்தத் தடத்தில் வண்டிகள் வரிசையாக நின்று விடுகின்றன. 'பஸ்' வடிவமும் இப்படித்தான். ஒரே நீண்ட கேபிள். எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதில்தான் தொங்கும்.

1973-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் 'ஈதர்நெட்' பிறந்தது. ராபர்ட் மெட்காப், டேவிட் பாக்ஸ் ஆகிய இருவரும் இதில் முக்கியமானவர்கள். அப்போது அது ஒரே கேபிளில்தான் ஓடியது.

இந்தக் கேபிளின் இரு முனைகளிலும் 'டெர்மினேட்டர்' என்ற மூடி இருக்க வேண்டும். இல்லையேல் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து, மற்ற சிக்னல்களோடு கலந்து குழப்பி விடும். கேபிள் நடுவில் அறுந்தால், அறுந்த இடத்தில் மூடி இல்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் வேலை கெடுகிறது. "ஏன் எல்லாம் நின்றது?" என்று கேட்டால் பதில் இதுதான்.

டோக்கன் இருந்தால் பேசலாம்: ரிங்

ஊர்ப்பக்கத்து ஒற்றை ரெயில் பாதைகளில் முன்பு கண்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும். நிற்காமல் போகும் ரெயிலின் டிரைவருக்கு, பிளாட்பாரத்தில் இருந்து ஓர் ஊழியர் வளையம் ஒன்றை நீட்டுவார். அதில் கட்டிய பைக்குள் ஓர் உருண்டை இருக்கும். அதுதான் டோக்கன். அது கைக்கு வராமல் அடுத்த ஸ்டேஷன் வரை உள்ள பாதையில் வண்டி நுழையக் கூடாது. எனவே மோதலுக்கு இடமில்லை.

ஐ.பி.எம். நிறுவனம் 1985-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த 'டோக்கன் ரிங்' இதே தத்துவம்தான். கம்ப்யூட்டர்கள் வட்டமாக இணைக்கப்படும். டோக்கன் எனும் சிறு தகவல் சுற்றி வரும். அதைப் பிடித்தவர் மட்டுமே பேசலாம். வட்டம் ஓரிடத்தில் அறுந்தால் சுற்று நின்று விடும். இதற்காகவே எப்.டி.டி.ஐ. என்ற முறையில் எதிரெதிர்த் திசையில் இரண்டு வட்டங்கள் வைத்தார்கள்.

நடுவில் ஒரு பெட்டி: ஸ்டார்

இன்று ஆபீஸ்களில் காண்பது பெரும்பாலும் இதுதான். நடுவில் 'சுவிட்ச்' என்ற பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிக் கேபிள். ஒரு கேபிள் அறுந்தால் ஒரு கம்ப்யூட்டர்தான் நிற்கும். ஆனால் நடுப்பெட்டி நின்றால் அத்தனையும் நிற்கும். சாதாரணச் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் வரம்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாரோடும் எல்லாரும்: மெஷ்

ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேராக இணைப்பது முழு மெஷ். ஒரு வழி அடைத்தால் மறு வழி. ஆனால் செலவு அதிகம். கணக்கு சுலபம்: எண்ணிக்கையை, அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 5 இடங்களுக்கு 10 இணைப்பு. 10 இடங்களுக்கு 45. 50 இடங்களுக்கு 1,225! அதனால்தான் முக்கியமான இடங்களை மட்டும் பல வழியில் இணைக்கும் 'பாதி மெஷ்' முறை நடைமுறையில் உள்ளது. இன்டர்நெட் அப்படிப்பட்டதே.

ரெயில் டிக்கெட் சொல்லும் பாடம்

இணைப்பின் அருமை ஊருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ரெயில் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் 1985-ல் டெல்லியில் சோதனையாக வந்தது. பிறகு மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று பரவியது. ஆனால் ஒவ்வொரு மையமும் தனித்தனி. திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி கொடுத்துக் காத்திருந்த காலம் அது. இந்த ஐந்து மையங்களும் 'கான்சர்ட்' என்ற திட்டத்தில் 1999-ல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன் பிறகே, எந்த ஊர் கவுண்ட்டரிலும் எந்த ஊர் டிக்கெட்டும் எடுக்க வழி பிறந்தது. கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் போதாது, இணைப்பும் வேண்டும்.

வழுக்கி விழும் இடம்

படிப்பவர்கள் அடிக்கடி தவறுவது ஒரு கேள்வியில். கண்ணுக்குத் தெரியும் வடிவம் வேறு, தகவல் போகும் வழி வேறு. முன்னதை 'பிசிக்கல்' என்றும், பின்னதை 'லாஜிக்கல்' என்றும் சொல்வார்கள்.

சுவிட்ச் வருமுன் 'ஹப்' என்ற பெட்டி இருந்தது. பார்த்தால் ஸ்டார். ஆனால் ஒருவருக்கு வந்ததை எல்லாருக்கும் ஒலிபெருக்கி போல் சொல்லி விடும். எனவே வேலையில் அது பஸ். டோக்கன் ரிங்கிலும் கேபிள்கள் ஒரு நடுப்பெட்டிக்கே செல்லும். டோக்கன் மட்டும் வட்டமாகச் சுற்றும். எனவே பார்க்க ஸ்டார், வேலையில் ரிங். சுவிட்ச் அப்படியல்ல. தபால்காரர் போல உரியவரிடம் மட்டும் சேர்க்கும்.

சி.சி.என்.ஏ. எழுதுவோர் 'ஸ்பைன்-லீப்' என்பதையும் படிக்க வேண்டும். இரண்டு வரிசை சுவிட்சுகள். கீழ் வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் மேல் வரிசையில் உள்ள எல்லாவற்றோடும் இணையும். கீழ் வரிசைக்குள் ஒன்றுக்கொன்று இணைப்பு கிடையாது. டேட்டா சென்டர்களில் இது வழக்கம்.

வேலையில் என்ன பயன்?

நெட்வொர்க் நின்றது என்று போன் வருகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" ஸ்டார் வடிவத்தில் ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கேபிளையும் கம்ப்யூட்டரையும் பார்க்கலாம். எல்லாருக்கும் என்றால் நேரே சுவிட்சிடம் போகலாம். நாள் முழுவதும் ஏணியில் ஏறிக் கேபிள் இழுக்கும் தொழிலாளிக்கும், எங்கே கோளாறு என்று சொல்பவருக்கும் உள்ள தூரம் இந்த ஒரு கேள்விதான். அந்தத் தூரத்தைத் தாண்டினால் சம்பளமும் மாறும்.

"வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் வகுப்புக்குப் பணம் கட்டும் முன், தேர்வு நடத்தும் நிறுவனமே வெளியிடும் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். வகுப்பில் அதில் உள்ளதைத்தான் நடத்துகிறார்களா என்று கேட்க வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் 'பாக்கெட் டிரேசர்' என்ற பயிற்சி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சுவிட்ச் வாங்காமலே அதில் இணைத்துப் பழகலாம்.

அதுவும் இல்லாவிட்டால் ஒரு தாளும் பென்சிலும் போதும். வேலை பார்க்கும் ஆபீசில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று வரைந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு கோடாக அழித்து, யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாடம் தானாக மனதில் பதியும்.