லேஸ் திண்டுக்கு மாசி மாத வைக்கோல்

பேன்ஸி ஸ்டோரில் போய் "லேஸ் போட பாபின் இருக்கா?" என்று கேட்டால், தையல் மிஷினுக்குப் போடுகிற குட்டி இரும்பு வட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் பாபின் என்றால் அதுதான். நான் தேடுவது வேறு: ஒரு சாண் நீளம்கூட இல்லாத மரக்குச்சி, ஒரு முனையில் நூல் சுற்ற ஒரு கழுத்து. அதைப்போல இருபது, முப்பது குச்சி வேண்டும்.

பாபின் லேஸ் என்பது பின்னல் ஊசியோ குரோஷே ஊசியோ இல்லாமல் போடுகிற லேஸ். கெட்டியான ஒரு திண்டு, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசி. குச்சிகளில் சுற்றிய நூல்களை ஊசிகளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பின்னிக்கொண்டே போகவேண்டும். மொத்தமே இரண்டு அசைவுதான். நான்கு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இரண்டில் இடது குச்சியை வலதின்மேல் போட்டால் அது 'குறுக்கு'. பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் வலது குச்சியை இடதின்மேல் போட்டால் அது 'முறுக்கு'. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் துணிபோல அடர்த்தியாகவும் வரும், வலைபோலவும் வரும். தலை பின்னத் தெரிந்த கைக்கு இது வெகுசீக்கிரம் பிடிபட்டுவிடும்.

இது ஏதோ வெளிநாட்டு வேலை, நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கவேண்டாம். 1819இல் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும். மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், கூடவே இந்த லேஸையும் சொல்லிக்கொடுத்தார். லேஸ் விற்ற காசு பள்ளிக்கு ஆயிற்று. பின்னிய பெண்களில் அடிமைகளாக இருந்த சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1855இல்தான் என்பதோடு சேர்த்து இதைப் படிக்கவேண்டும். மால்ட்டின் மகள் எலைசா 1844இல் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனார். மாப்பிள்ளையை நமக்கெல்லாம் தெரியும்: ராபர்ட் கால்டுவெல். அவர் ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில் எலைசா பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒப்பிலக்கணத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று, லேஸைப் பற்றி நான்கு வரி கிடைப்பதே பாடு.

கடல் தாண்டினால் இலங்கையின் காலி, வெலிகமைப் பக்கம் இதே வேலைக்கு 'பீரலு' என்று பேர். குச்சிக்குப் போர்த்துகீசிய மொழியில் வழங்கும் 'பில்ரோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக, சுற்றிலும் கடலோரமாக இந்த வேலை இருந்திருக்கிறது. எங்கள் காவிரிப் பக்கத்தில் பழக்கமில்லை. என் மாமியாருக்கு இடையன்குடிப் பக்கம். அவர் கொண்டுவந்த ஒரு தலையணை உறையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் நான்கு பேர் "இதை எங்களுக்கும் சொல்லிக்குடுங்கக்கா" என்றார்கள். அதில் இரண்டு பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள். நடவு மிஷின் வந்த பிறகு அவர்களுக்கு வேலை நாள் குறைந்துவிட்டது.

அங்கேதான் சாமான் பிரச்சினை ஆரம்பம். வெளிநாட்டிலிருந்து ஒரு 'ஆரம்ப நிலை' பெட்டி வரவழைக்கலாம். திண்டு, குச்சி, ஊசி, நூல் எல்லாம் இருக்கும். ஆனால் கூரியரும் சுங்கமும் சேர்ந்து வருகிற விலையைப் பார்த்தால், யார் கற்றுக்கொள்ளலாம் யார் கூடாது என்பதை அந்தப் பெட்டியே முடிவு பண்ணிவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எது நம் தெருவிலேயே கிடைக்கும், எதற்கு மட்டும் காசு செலவழிக்கவேண்டும் என்று.

முதலில் திண்டு. இதில் நாம் ராஜா. இங்கிலாந்தில் பழைய லேஸ் திண்டுகளை வைக்கோல் அடைத்துத்தான் செய்தார்கள். வைக்கோலுக்கா தஞ்சாவூரில் பஞ்சம்? ஆனால் எந்த வைக்கோல் என்பது முக்கியம். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. மழையில் நனைந்த வைக்கோல் உள்ளே போய்ப் பூஞ்சை பிடித்தால் திண்டும் போச்சு, மேலே இருக்கிற வெள்ளை நூலும் போச்சு. தை, மாசியில் சம்பா அறுத்து வருகிற வைக்கோல்தான் சரி. நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, உதறி, ஒட்டியிருக்கிற நெல்லையெல்லாம் எடுத்துவிடவேண்டும். நெல் இருந்தால் அந்து வரும், அப்புறம் எலி வரும். மிஷின் அறுத்த வைக்கோல் நைந்து துண்டுதுண்டாகக் கிடக்கும். மாட்டுக்கு அது பிடிக்கிறதில்லை என்று பாட்டிமார்கள் திட்டுவார்கள், திண்டுக்கு அதில் ஒன்றும் குறையில்லை. விரல் நீளத்துக்கு நறுக்கி, காடாத் துணிப் பையில் போட்டு, உலக்கைப் பூண் இல்லாத பக்கமாக இடித்து இடித்து அடைக்கவேண்டும். "போதும்" என்று தோன்றிய பிறகும் இன்னொரு மடங்கு போகும். குண்டூசியைக் குத்தினால் சாயாமல் நிற்கவேண்டும், அதுதான் அளவு.

இலவம்பஞ்சு வேண்டாம், ஊசி ஆடும். உமி பொதபொதவென்று நகர்ந்துகொண்டே இருக்கும். தெர்மாகோல் நான்கு தடவை குத்தினால் பொரிந்துபோகும்.

குச்சிக்கு வருவோம். புத்தகங்களில் மூன்று தினுசு சொல்வார்கள். ஹானிட்டன் ஊர்க் குச்சி ஒல்லியாக, வழுவழுப்பாக, அடிமுனை கூராக இருக்கும். அந்த லேஸில் குச்சியையே சின்ன வளையத்துக்குள் நுழைத்து எடுக்கவேண்டியிருப்பதால் அப்படி. இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் குச்சிக்கு அடியில் கம்பி வளையத்தில் பாசிமணி கோத்திருக்கும். மணி கனத்துக்கும் ஆகும், குச்சி உருளாமலும் பிடிக்கும். ஐரோப்பாவின் மற்ற இடங்களில் அடிப்பாகம் குண்டாக, கனமாக இருக்கும். ஆரம்பிக்கிறவர்களுக்கு எனக்குப் பிடித்தது மணி போட்ட தினுசுதான். காரணம், மரம் எவ்வளவு லேசாக இருந்தாலும் மணியைக் கூட்டிக் குறைத்துக் கனத்தைச் சரிசெய்துவிடலாம். குச்சியின் கனம்தான் நூலை இழுத்துப் பிடிக்கிறது. ஒன்று கனம், ஒன்று லேசு என்றால் லேஸ் ஒருபக்கமாகக் கோணும்.

கட்டில் கால் கடைகிற எந்தக் கடைசல் பட்டறையிலும் இதைச் செய்துகொடுப்பார்கள். மாதிரிக்கு ஒரு குச்சியைக் கையில் கொண்டுபோங்கள், படம் காட்டினால் அப்பளக் குழவி மாதிரி ஒன்று வந்துசேரும். பத்து சென்டிமீட்டர் நீளம் போதும். அதுகூட முடியாவிட்டால் மூங்கில் குச்சியை அளவாக வெட்டி, மேலே கத்தியால் ஒரு பள்ளம் போட்டு, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தாலே வேலை நடக்கும். சிலும்பு இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். பளபளப்புக்காக எண்ணெய் தடவாதீர்கள், கறை நூலில் ஏறிவிடும்.

ஊசியில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஒரு முழ லேஸ் போட வாரக்கணக்கில் ஆகும், ஊசிகள் அத்தனை நாளும் வைக்கோலுக்குள்ளேயே நிற்கும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் சாதாரண ஸ்டேஷனரி குண்டூசி துருப்பிடித்து, நூலில் செம்புள்ளி வைத்துவிடும். அது போகாது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, மெல்லியதாக வாங்குங்கள். பித்தளை என்று சொல்லிப் பூச்சுப் போட்ட இரும்பைக் கொடுப்பதும் உண்டு. ஒரு காந்தம் எடுத்துப்போனால் போதும், அசல் பித்தளை ஒட்டாது. ஸ்டெயின்லெஸுக்குக் காந்தம் உதவாது, சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. அதற்கு நான்கு ஊசியை ஈரத்துணியில் சுருட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

இனி நூல். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

லேஸ் புத்தகம் எதைத் திறந்தாலும் '60ஆம் நம்பர் லினன், இரண்டு இழை' என்று போட்டிருக்கும். லினன் என்பது ஆளிநார் நூல். அது இங்கே சுலபத்தில் கிடைக்காது. சரி, 60ஆம் நம்பர் பருத்தி நூல் வாங்கிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு நம்பரும் ஒன்றில்லை. பருத்தியில் ஒரு நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கஜம். லினனில் ஒரு நம்பர் என்றால் 300 கஜம். அப்படியானால் லினன் 60 என்பது பவுண்டுக்கு 18,000 கஜம், பருத்தி 60 என்பது 50,400 கஜம். பருத்தி கிட்டத்தட்ட மூன்று பங்கு மெல்லிசு. லினன் 60க்குச் சமமான பருத்தி எது என்று பார்க்க 18,000ஐ 840ஆல் வகுத்தால் 21 சொச்சம் வருகிறது. அதாவது இரண்டு இழை 20ஆம் நம்பர். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்கிற கைத்தறிக்காரர்கள் புழங்குகிற சாதாரண நூல்! சிட்டா நூலாகவே கிடைக்கும். அதிலும் மெர்சரைஸ் பண்ணியதாகக் கேளுங்கள், பிசிறு குறைவு, முறுக்கு நிற்கும்.

குரோஷே நூல் உருண்டைகளில் போட்டிருக்கிற 20, 40 என்பது மூன்றாவது கணக்கு, மேலே சொன்ன எதோடும் சேராது. நம்பர் கூடக்கூட மெல்லிசு என்பது மட்டும் பொது. மதுரா கோட்ஸின் ஆங்கர் குரோஷே நூல் சின்ன ஊர்க் கடைகளில்கூட இருக்கிறது, முறுக்கு நன்றாக இருக்கிறது, முதல் லேஸுக்கு நான் அதையே சொல்வேன். எம்பிராய்டரிக்கு வருகிற ஆறு இழை நூல் வேண்டாம், இழை பிரியும். தையல் பாலியஸ்டர் நூல் ஸ்பிரிங் மாதிரி இழுத்துக்கொள்ளும். திருபுவனத்தையும் கும்பகோணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டு வேண்டாமா என்பீர்கள். வழுக்கும். குச்சியின் கழுத்தில் போட்ட சுருக்கு நிற்காது, பின்னியதும் நகர்ந்துவிடும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

நம்பர் குழப்பத்துக்கெல்லாம் ஒரே மருந்து ஸ்கேல். நூலை ஸ்கேலின்மேல் நெருக்கமாக, அழுத்தாமல் சுற்றி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிரெண்டா பேட்டர்நாஸ்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நூற்றுக்கணக்கான நூல்களை இப்படிச் சுற்றி எண்ணி 'த்ரெட்ஸ் ஃபார் லேஸ்' என்று புத்தகமாகவே போட்டிருக்கிறார். புத்தகம் இல்லாவிட்டாலும் உங்கள் கையில் இருக்கும் இரண்டு நூலை ஒப்பிட இது போதும்.

அப்படியும் படத்துக்கும் நூலுக்கும் பொருந்தவில்லையா? நூலைத் தேடி அலையவேண்டாம், படத்தை மாற்றுங்கள். நான்கு ஊசி அளவுக்கு மட்டும் பின்னிப் பாருங்கள். ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு கெட்டியாக வந்தால் நூல் தடிமன், ஜெராக்ஸ் கடையில் படத்தைப் பத்து சதவீதம் பெரிசாக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் சின்னதாக்குங்கள். இந்த ஒரு உபாயத்தால் கிடைக்கிற எந்த நல்ல நூலிலும் வேலை செய்யலாம்.

படம் ஒட்ட அட்டை? பழைய கல்யாணப் பத்திரிகை. மஞ்சள், சிவப்பு எதுவானாலும் வெள்ளை நூல் அதில் எடுப்பாகத் தெரியும். டோர்ஷான் என்கிற ஆரம்பகால லேஸின் புள்ளிகள் ஒன்றுவிட்டு ஒன்று, சாய்சதுரமாக வரும். எங்கள் தெருப் பெண்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே வரவில்லை. "ஊடுபுள்ளிதானே" என்றார்கள். நேர்ப்புள்ளிக் கோலமும் ஊடுபுள்ளிக் கோலமும் தெரிந்தவர்களுக்கு வரைபடத் தாளில் புதுப் படம் போடுவது ஒரு மாலை வேலை.

ஒன்றை மட்டும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: இதில் சம்பாதிக்கலாம் என்று நம்பி வராதீர்கள். மரியா மீஸ் எழுதி 1982இல் வந்த 'நர்சாப்பூர் லேஸ்காரிகள்' பற்றிய ஆய்வைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். அது குரோஷே லேஸ், கோதாவரி டெல்டா. வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பின்னிய பெண்களின் உழைப்பு 'சும்மா பொழுதுபோக்கு' என்று கணக்கில் வராமலே போனது, லாபம் வியாபாரிகளுக்குப் போனது. கேட்டுவிட்டு ஒருத்தி சொன்னாள், "விக்கிறது அப்புறம்க்கா, மொதல்ல எம்பொண்ணு பாவாடைக்கு ஒரு ஓரம் வேணும்" என்று.

இப்போதைக்கு நாற்பத்தெட்டு குச்சிக்குக் கடைசல்காரரிடம் சொல்லியிருக்கிறது, ஆளுக்குப் பன்னிரண்டு. ஆறு ஜோடியில் ஒரு விரல் அகல ஓரம் போடலாம், ஆரம்பத்துக்கு அது போதும். காடாத் துணி தைத்தாயிற்று. வயலில் சம்பா இன்னும் பச்சையாக நிற்கிறது.